சொல்லிக்கொண்டு போகும் ஊர்

'வெளியேறு' என்ற சொல் விஜய்ஆனந்துக்கு ஆகவே ஆகாது. வெப்சைட்டில் லாகவுட் பட்டனுக்கு எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சொல்லைத்தான் போடுவார்கள். பார்த்தாலே அவருக்கு முகம் சுளிக்கும். "வீட்டுக்கு வந்தவங்கள கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுற மாதிரி இருக்கு ஸ்யாமளா. நம்ம ஊர்ல எவனாவது விருந்தாளியப் பாத்து வெளியேறுன்னு சொல்லுவானா?" என்பார். சொல்ல மாட்டான்தான். ஆனால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அவர் வைத்த சொல் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஆறேழு பேர்தான். கல்யாண மண்டபம், ஸ்கேன் சென்டர், ட்யூஷன் சென்டர் என்று ஊர்க்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறோம். விஜய்ஆனந்த் டிசைனர். நான் டெஸ்டர், அதாவது அவர் செய்து முடித்ததை அங்கே இங்கே அமுக்கிப் பார்த்துக் குறை சொல்வது என் வேலை. இதையே வீட்டில் செய்தால் வாயாடி என்கிறார்கள், இங்கே சம்பளம் கொடுக்கிறார்கள்.

அவருக்கு நாற்பதைத் தொடுகிற வயது. பந்தடித் தெருவில் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம் என்பதால் வீட்டுக்குள் அவர்கள் மொழி. வாசல் தாண்டினால் எங்களைவிட அழுத்தமான மதுரைத் தமிழ். ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் 'பின்னாடி'. எந்த வெப்சைட் செய்தாலும் இன்றைக்குத் தேவையானதோடு நிறுத்த மாட்டார். எங்கேயாவது ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு வைப்பார். எதுக்குண்ணே என்று கேட்டால், "பின்னாடி தேவைப்படும்" என்பார். ஒரு மண்டபத்துக்காரர் நாலு போட்டோவும் போன் நம்பரும் போதும் என்று வந்தார். இவர் வீடியோவுக்கு இடம் விட்டு வைத்தார். "இது என்னய்யா வேலையத்த வேல?" என்று அவர் சத்தம் போட்டுவிட்டுப் போனார். கொரோனா வந்தது. கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். அந்த மண்டபத்துக் கல்யாணங்களை மட்டும் ஊரே போனில் உட்கார்ந்து பார்த்தது. அதே ஆள் ஒரு தூக்கு நிறையப் பருத்திப்பால் வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அதற்கப்புறம் இவரைப் பிடிக்க முடியுமா? "பாத்தியா, பாத்தியா" என்று ஒரு வாரம் எங்கள் உயிரை எடுத்துவிட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பட்டன்களுக்கான சொற்களை மேஜையில் உட்கார்ந்து எழுத மாட்டார். கீழே ஜவுளிக்கடைக்கு வருகிறவர்களிடம் போனை நீட்டுவார். "அக்கா, இத அமுக்குனா என்ன வரும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்பார். அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் சொல். 'சமர்ப்பி', 'உள்நுழை' எல்லாம் அவரிடம் செல்லாது. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான். கடைசியில் கழுத்தை அறுத்ததும் அதுதான்.

அவர் மனைவி ரம்யாஸ்ரீக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். அந்த வகை உள்ளவர்கள் இந்தப் பக்கம் குறைவு. முதல் கர்ப்பம் ஆறாம் மாதத்தில் கலைந்து, ரத்தப்போக்கு நிற்காமல், இவர் ஊரெல்லாம் போன் போட்டு அலைந்தார். யார் யாரோ யார் யாருக்கோ சொல்லி, மேலூரிலிருந்து சிவனாண்டி என்று ஒருவர் பஸ் ஏறி வந்தார். நெல் வியாபாரத்தில் தரகு பார்க்கிறவர். முன்பின் தெரியாதவர். ரத்தம் கொடுத்துவிட்டு, கொடுத்த பிஸ்கட்டைக்கூடத் தின்னாமல், "தங்கச்சி பொழச்சுக்கிரும் தம்பி, தைரியமா இரு, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். குழந்தை போனாலும் ரம்யா பிழைத்தாள். விஜய்ஆனந்த் தன் போனில் அவர் நம்பரை 'மேலூர் அண்ணே' என்று பதிந்து வைத்துக்கொண்டார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ரத்தக் கொடையாளர் சங்கத்துக்காக அந்த வெப்சைட்டைச் செய்தார். சங்கத்தின் செயலாளர் சாம்பசிவம் சார், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்தம் தருகிறவர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம், ரத்தம் தேவைப்படுகிறவர்கள் எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள், எந்த வகை என்று போட்டு வைக்கலாம். கொடையாளர்கள் உள்ளே வந்து பார்ப்பார்கள். யாருடைய போன் நம்பரும் வெளியே தெரியாது. பெண்கள் நிறையப் பேர் பதிந்திருந்ததால் அதில் இவர் கறாராக இருந்தார். அது நல்ல ஏற்பாடுதான், அதை நான் இப்போதும் குறை சொல்ல மாட்டேன்.

உள்ளே வருகிற பட்டனுக்கு 'வாங்க' என்று வைத்தார். வெளியே போகிற பட்டனுக்கு வழக்கம்போல எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தோம். 'போறேன்' என்று வைக்கலாமா என்றேன். "ரத்தத்துக்கு உயிரக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிற எடத்துல போறேன்னு எழுதுவியா?" என்று என்மேல் பாய்ந்தார். நியாயம்தான். எங்கள் ஊரில் யாரும் கிளம்பும்போது போறேன் என்று சொல்ல மாட்டோம். கடைக்குப் போனாலும் சரி, கண்காணாத தேசத்துக்குப் போனாலும் சரி, வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவோம். அவர்கள் வீட்டு மொழியிலும் அதே வழக்கம்தானாம். ஆக, பக்கத்தின் அடியில் நல்ல பெரிய பச்சைப் பட்டனாக 'வாரேன்' என்று வைத்தார். அமுக்கினால் 'நல்லது, போயிட்டு வாங்க!' என்று வரும்.

ஜனங்களுக்கு அப்படிப் பிடித்துப்போனது. சாம்பசிவம் சார் கண் கலங்கிவிட்டார். "மிஷின்கிட்ட பேசற மாதிரியே இல்லப்பா, பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றார். மூன்று வருஷம் ஓடியது. வாடிப்பட்டி, டி.கல்லுப்பட்டி, மேலூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பதிந்தார்கள். போனை அவ்வளவாகக் கையாளத் தெரியாதவர்கள்கூட, வாங்க என்பதை அமுக்கி உள்ளே வந்து, பார்த்துவிட்டு, வாரேன் என்பதை அமுக்கிவிட்டுப் போகப் பழகியிருந்தார்கள்.

சென்ற வருஷம் ரம்யா மறுபடி உண்டானாள். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு இருக்கிறது என்றார்கள். ஆபரேஷன்தான் செய்ய வேண்டும், ரத்தம் அதிகம் போகலாம், ஓ நெகட்டிவ் தயாராக இருக்க வேண்டும் என்றார்கள். அன்றைக்கு ஆபீசுக்கு வந்தவர் சைட்டைத் திறந்து வைத்து ஓ நெகட்டிவ் பெயர்களையே எண்ணிக்கொண்டிருந்தார். மறுநாள் வந்து, "சைட்ட மாத்தப் போறேன் ஸ்யாமளா. இனிமே யாரு வருவா வரமாட்டான்னு காத்துக்கிட்டு இருக்கக் கூடாது. வர்றவங்க ஒரு பட்டன அமுக்குனா கேட்டவங்களுக்கு ஒடனே தெரியணும்" என்றார்.

ரத்தம் தேவை என்று பதிந்த உடனே அந்த வகைக்காரர்கள் எல்லாருக்கும் போனில் மெசேஜ் போகும். அதைத் தொட்டால் நேரே விவரம் இருக்கிற பக்கம் திறக்கும். இப்போது எல்லாரும் போனில்தானே பார்க்கிறார்கள், வெளியே போக ஒரு பட்டன் எதற்கு என்று அதைத் தூக்கிவிட்டார். ரத்தம் தர ஒப்புக்கொள்வதற்கு ஒரு பட்டன் வேண்டுமல்லவா? அதற்கு என்ன பெயர்? அதே இடம், அதே பச்சை, அதே சொல். 'வாரேன்'. அமுக்கினால் 'நன்றி, வாங்க!' என்று வரும். கேட்டவர்களின் பக்கத்தில் ஒரு பச்சை டிக் விழும்.

நான் அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனாலும் ஏதோ உறுத்தியது.

"ஏண்ணே, வர முடியலேன்னா என்னத்த அமுக்குறது?"

"ஒண்ணையும் அமுக்க வேணாம். மூடிட்டுப் போகட்டும்."

"வரமுடியலைன்னு ஒரு பட்டன் வைங்கண்ணே. சின்னதா வைங்க, போதும்."

"ரத்தம் கேக்குற எடத்துல வரமுடியலைன்னு எழுதி வைக்கிறதா? அபசகுனமா இருக்கும்மா. ஒருத்தன் உசுருக்குப் போராடுறான், அவன் பக்கத்துல போய் பத்துப் பேரு வரமுடியல வரமுடியலன்னு எழுதுவானா? அதெல்லாம் வேணாம். சும்மா இரு."

வெப்சைட் கட்டுகிற ஆள் அபசகுனம் பார்க்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்விட்டே சொன்னேன். அவர் கேட்கவில்லை. மனைவி பிள்ளைத்தாச்சியாக வீட்டில் கிடக்கிறாள், மனுஷன் பயந்து போயிருக்கிறார் என்று கடைசியில் நானும் விட்டுக்கொடுத்தேன்.

புது சைட் வந்த கொஞ்ச நாளிலேயே சாம்பசிவம் சார் போனில் துள்ளினார். முன்னெல்லாம் ஒருவர் ரத்தம் கேட்டால் ஒருவர் இருவர் கிடைப்பதே பெரும்பாடு. இப்போது ஐந்து டிக், ஆறு டிக். "ஜனங்க மனசு எவ்வளவு பெரிசு பாத்தேளா!" என்றார். வாடிப்பட்டியில் ஒரு பையனுக்கு ஆபரேஷன். நாலு பச்சை டிக். ஒருவர்கூட வரவில்லை. ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார்கள். பையனின் அப்பா சங்கத்துக்கு வந்து கத்திவிட்டுப் போனார். அடுத்த வாரம் வேறொரு அம்மாளுக்கு அதே கதை. அவரவர் வகைக்கு எங்கிருந்தோ ஆள் கிடைத்துத் தப்பித்தார்கள். ஆனால் டிக் போட்டவர்கள் மட்டும் வரவே இல்லை.

யாருக்கும் சைட்டின்மேல் சந்தேகம் வரவில்லை. ஆட்களின்மேல்தான் வந்தது. "வாரேன்னு வாய் நெறையச் சொல்லிட்டு வராமப் போறானே, இவனெல்லாம் மனுஷனா?" என்று சாம்பசிவம் சார் கொதித்தார். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து, எடுத்துவிடுங்கள் என்றார். விஜய்ஆனந்தும் எடுத்தார். வருகிறேன் என்று அமுக்கிவிட்டு ஒருமுறை வராவிட்டால் பெயர் தானாக நீங்கும்படி செய்தார். எதையும் அழிக்காதவர், பின்னாடி தேவைப்படும் என்று பழைய போட்டோக்களைக்கூடச் சேர்த்து வைக்கிறவர், அந்தப் பெயர்களை மட்டும் அடியோடு அழித்தார். ரம்யா விஷயத்தில் வார்த்தை தவறுகிறவன் ஒருவனும் இருக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அழித்தார். ஓ நெகட்டிவ்காரர்கள் முன்பே கொஞ்சப் பேர். அதிலும் பாதி போய்விட்டது.

ஒருநாள் மத்தியானம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். விஜய்ஆனந்த் எழுந்து நின்றுவிட்டார். மேலூர் சிவனாண்டி. அவர் பெயரையும் சைட் நீக்கியிருக்கிறது. நீக்கப்பட்டீர்கள், காரணம் வாரேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை என்று மெசேஜ் போயிருக்கிறது.

"ஏந் தம்பி, என்னையவா வார்த்த மாறுனவன்னு எழுதுன? எங்க சம்சாரம் படிச்சுட்டுச் சிரிக்கிறா. பெரிய தருமவான்னு சொல்லிச் சொல்லிக் காட்டுறா. எனக்கு எம்புட்டு அசிங்கமாப் போச்சு தெரியுமா?"

விஜய்ஆனந்த் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "இந்தா பாருங்கண்ணே. போன வாரம் வியாழக்கெழம. நீங்கதான அமுக்கியிருக்கீங்க?"

"அமுக்குனேன். இல்லேன்னா சொல்றேன்? எனக்கு அன்னைக்குக் களத்துல நெல்லு கெடக்கு, மழ வேற வருது. வர தோதுப்படல. பாத்தேன், சரி, யாராச்சும் போவாங்கன்னு வாரேன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன்."

"வராட்டி எதுக்கு அதப் போய் அமுக்குறீங்க? பேசாம மூடிட்டுப் போக வேண்டியதுதான?"

சிவனாண்டிக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன தம்பி பேசுற? ஒருத்தரு எடத்துக்கு வந்துட்டு, ஒரு வார்த்த சொல்லிக்காமப் போறதுக்கு இது என்ன எழவு வீடா?"

விஜய்ஆனந்தின் முகம் செத்துப் போனது. பிள்ளைத்தாச்சியை வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கிறவரிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? "வாயக் கழுவுங்கண்ணே!" என்று கத்தினார். நான் ஓடிப் போய் நடுவில் நின்றேன். ஒருகாலத்தில் இவர் மனைவிக்கு ரத்தம் கொடுத்த மனுஷன், கண்ணில் நீர் முட்ட என்னைப் பார்த்தார். "நான் தப்பா ஒண்ணும் சொல்லலத்தா" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். இறங்கும்போதும் பாதியில் நின்று திரும்பி, "வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் போனபின் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. "அண்ணே, அவரு சொன்னது புரியலையா? பழைய பழக்கத்துல வெளிய போறதுக்கு அமுக்கியிருக்காங்க. எல்லாருமே அப்படித்தான் பண்றாங்களோ என்னமோ. இம்புட்டு டிக்கும் பொய்யிண்ணே. மொதல்ல அந்தச் சொல்ல எடுங்க."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். எழவு என்ற ஒரு சொல்தான் அவர் காதில் விழுந்திருந்தது. அதற்கு முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் விழவே இல்லை.

"ஒருத்தரு வயசானவரு தெரியாம அமுக்குனதுக்காக மொத்தத்தையும் மாத்துவாங்களா? மறுபடி எல்லாருக்கும் பழக்கணும். ரம்யா தேதி நெருங்குற நேரத்துல சைட்டுல கை வைக்க எனக்குப் பயமா இருக்கு ஸ்யாமளா. கொழந்த பொறக்கட்டும். பின்னாடி பாத்துக்கலாம்."

எத்தனையோ நாள் நாங்கள் கேலி செய்த அதே சொல். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணா நகர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். வியாழக்கிழமை காலையில் கொடையாளர்கள் வந்து ரத்தம் கொடுத்துவிட வேண்டும். டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். "ரெண்டு மூணு யூனிட் கைல இருந்தாத்தான் நான் இங்க வச்சுப் பண்ணுவேன். சந்தேகமா இருந்தா இப்பவே சொல்லுங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். இன்னைக்கே போய்ச் சேர்ந்துருங்க." விஜய்ஆனந்த் போனை எடுத்துக் காட்டினார். மூன்று பச்சை டிக். "மூணு பேரு வாரேன்னு சொல்லிட்டாங்க டாக்டர்."

அதை ரம்யாதான் என்னிடம் போனில் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குப் பக்கென்றது. விஜய்ஆனந்தைக் கூப்பிட்டு, அந்த மூன்று பேருக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ரகசியமா வச்ச நம்பர நானே எடுத்துப் பேசுனா அப்புறம் சைட்டுக்கு என்ன மரியாத? ஊருக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா? வருவாங்கம்மா. நல்லதையே நெனையி" என்றார். நல்லதையே நினைக்கச் சொல்கிறவர்களிடம் என்னத்தைப் பேச முடியும்.

வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே ரம்யாவுக்கு ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. தகவல் வந்து நான் ஆட்டோ பிடித்துப் போனபோது அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். முகம் வெளுத்திருந்தது. தலையில் முதல் நாள் வைத்த மல்லிகை அப்படியே இருந்தது. அவர்கள் மொழியில் கணவரிடம் ஏதோ சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள்.

"வாரேன்க்கா."

"போயிட்டு வா தாயி" என்றேன். கதவு மூடிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு யூனிட்தான் இருந்தது. வேறு இடத்துக்கு மாற்றுகிற நிலை தாண்டிவிட்டது, கொடையாளர்களை உடனே வரச் சொல்லுங்கள் என்று நர்ஸ் ஓடி வந்தாள். விஜய்ஆனந்த் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். "வந்துருவாங்க சிஸ்டர். காலையில வாரேன்னுதான் சொல்லியிருக்காங்க." போனைத் திறந்து திறந்து அந்த மூன்று டிக்கையும் பார்த்தார். நான் போனைப் பிடுங்கினேன். பாஸ்வேர்டு போடுங்கள் என்று கத்தினேன். போட்டார். நம்பர்கள் வந்தன.

முதல் ஆள் டி.கல்லுப்பட்டியில் ஒரு டீச்சர், தங்கப்பொண்ணு. "பாத்தேனேம்மா. எனக்குக் காய்ச்சல் விட்டு ரெண்டு நாள்தான் ஆகுது, குடுக்க முடியாது. அதான் பாத்துட்டு, வாரேன்னு அமுக்கிட்டு வந்துட்டேன்" என்றார்.

இரண்டாவது ஆள் வாடிப்பட்டித் தமிழ்மாறன். "அக்கா, நான் வேலைக்குத் திருப்பூர் வந்துட்டேன்க்கா. முடியலேன்னு சொல்ல அதுல எடமே இல்ல. சொல்லாமக் கெளம்ப ஒரு மாதிரியா இருந்துச்சு, அதான் வாரேன்னு..."

மூன்றாவது நம்பர் எடுக்கவே இல்லை.

நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல விஜய்ஆனந்த் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். பதிவான மற்ற ஓ நெகட்டிவ்காரர்களைத் தேடினேன். அழித்துவிட்டிருந்தாரே. சிவனாண்டிக்கு அப்புறமும் ஒவ்வொருவராக நீங்கி, அந்த மூன்று பேரைத் தவிர ஒருவர்கூட மிச்சமில்லை. எனக்கு அவரை அடிக்கலாம்போல ஆத்திரம் வந்தது, அதே நிமிஷம் அழுகையும் வந்தது. அப்போதுதான் அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, 'மேலூர் அண்ணே' என்பதைத் தொட்டார். மணி அடித்ததும் போனை என்னிடமே நீட்டினார். நான் வாங்கிப் பேசினேன். ரம்யா என்றதுமே அந்தப் பக்கம் வேறு கேள்வி இல்லை.

"இந்தா வாரேன்த்தா. வண்டிய எடுத்துட்டேன்."

வந்தார். ஹெல்மெட்கூட இல்லாமல், மேலூரிலிருந்து எப்படித்தான் ஓட்டினாரோ, வேர்த்து ஒழுக வந்து ரத்தம் கொடுக்கப் போனார். ஒருவர் கொடுத்த ரத்தத்தை அப்படியே தூக்கி இன்னொருவருக்கு ஏற்ற முடியாது, சோதிக்க வேண்டும், அதற்கென்று நேரம் ஆகும் என்று யாரோ எங்களுக்கு விளக்கினார்கள். சாம்பசிவம் சார் வேறு இடங்களில் சொல்லி, ஒரு யூனிட்டோடு ஆள் ஒருவரை அனுப்பியிருந்தார். அவர் வைகைப் பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தார்.

சிவனாண்டி முழங்கையை மடக்கிப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். கதவு திறந்தது. பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது, ஆனால் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதைச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு சொல்வதற்கு முன் முகமூடியைக் கழற்றினார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனவள் வரவில்லை.

பந்தடித் தெருவில் அன்று சாயங்காலம் கூட்டம் தாங்கவில்லை. தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு ஆண்கள் திரும்பிக் குளித்தார்கள். சாம்பசிவம் சார் ஒரு மூலையில் உட்கார்ந்து தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டிருந்தார். சங்கத்துக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். டி.கல்லுப்பட்டி டீச்சர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரிடம் நான் என்ன சொல்ல? அவர் தப்பு ஒன்றுமில்லையே.

கொஞ்சங் கொஞ்சமாக ஆட்கள் கிளம்பினார்கள். எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் யாரும் வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அப்படிச் சொன்னால் மறுபடி ஒரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் போய்விட வேண்டும். சாம்பசிவம் சார் அப்படித்தான் போனார். டீச்சர் அப்படித்தான் போனார். சிவனாண்டி வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். பழக்கத்தில் உதடு பிரிந்தது. துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, வண்டியைக்கூட அங்கே கிளப்பாமல், தெருமுனை வரைக்கும் உருட்டிக்கொண்டே போனார்.

விஜய்ஆனந்த் ஈரத் தலையோடு நடைக் கதவில் சாய்ந்து நின்று ஒவ்வொருவராகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக நானும் எழுந்து அவரைக் கடந்தேன்.

"பாத்தியா ஸ்யாமளா" என்றார். "ஒருத்தருமே சொல்லிட்டுப் போகல பாத்தியா. நான் சைட்டுல எல்லாரையும் இப்படித்தானம்மா போகச் சொன்னேன்."

நானும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.